டி.சி. பஸ்ஸில் எழுபது பேர்

மாரண்டஹள்ளி,
புதன்கிழமை.

பேரன்புக்கும் பெருமதிப்புக்கும் உரிய மச்சான் இன்னாசி அவர்களுக்கு, உங்கள் அக்காள் லூர்தம்மாளின் கணவன் கஸ்பார், அரசுப் பேருந்து டிக்கெட் பரிசோதகர் (ஓய்வு), எழுதிக்கொள்வது. மாதா கிருபையால் இங்கே எல்லோரும் நலம். நலம் என்று அவரவர் வாயால்தான் சொல்கிறார்கள், நான் இன்னும் சரிபார்க்கவில்லை. ஈரோட்டில் நீங்களும் தங்கச்சியும் பிள்ளைகளும் நலமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். இதைப் படிக்கும் முன் கவரை ஒரு தரம் திருப்பிப் பார்க்கவும். பசைக்கு மேல் டேப் ஒட்டி, டேப்பின் மேல் குறுக்காகக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். கையெழுத்து கோணியிருந்தால் வழியில் யாரோ பிரித்திருக்கிறார்கள். இந்தக் காலத்தில் எதற்குக் கடிதம், போனில் சொல்லக் கூடாதா என்று கேட்பீர்கள். என் போனுக்கு ரீசார்ஜ் செய்வது மாப்பிள்ளை. அந்தப் போனில் மாப்பிள்ளையைப் பற்றியே பேசச் சொல்கிறீர்களா?

ஆமாம் மச்சான், விஷயம் மாப்பிள்ளை ஜோவைப் பற்றியதுதான். நீங்கள்தான் இந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்தீர்கள். பையன் டிப்ளமா படித்தவன், ஓசூரில் கம்பெனி வேலை, வெற்றிலை பாக்குகூடக் கிடையாது என்று சொன்னீர்கள். வெற்றிலை பாக்கு இல்லை என்பது உண்மைதான். எந்தக் கெட்ட பழக்கமும் வெளியே தெரியாத ஆளைப் பார்த்தால் எனக்கு அப்போதே சந்தேகம் வந்துவிட்டது. உங்கள் முகத்துக்காக வாயை மூடிக்கொண்டேன். இப்போது என்ன ஆயிற்று? தை மாதம் கம்பெனி வேலையை விட்டுவிட்டார். ஆக்சிலியாவைக் கூட்டிக்கொண்டு நம் பக்கத்துப் போர்ஷனுக்கே குடி வந்துவிட்டார். பின்னால் சிமெண்ட் சீட்டு போட்ட அறை சும்மாதானே கிடக்கிறது, நான் எடுத்துக்கொள்கிறேன் மாமா என்றார். எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். மறுநாளே அதற்குப் பூட்டு வந்துவிட்டது. நல்ல காரியத்துக்கு யாராவது பூட்டுப் போடுவார்களா? (குற்றம் சாட்டப்பட்டவர் ஆனாலும் மாப்பிள்ளை என்பதால் மரியாதையாகவே எழுதுகிறேன், கவனிக்கவும்.)

நான் மறைமுகமாக எதுவும் செய்யவில்லை. நேருக்கு நேர்தான் கேட்டேன். சோற்றில் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தவரிடம், "என்னங்க மாப்ள, உள்ள என்ன வேல நடக்குது?" என்றேன். தலையை நிமிர்த்தாமலே, "மோட்டார் டிரைவருக்குப் பவர் சப்ளைங்க மாமா," என்றார். எனக்குக் கையில் இருந்த அப்பளம் நழுவிவிட்டது. மோட்டார் டிரைவருக்குச் சப்ளை! என் சர்வீஸ் முழுக்க டிரைவர்களோடு இருந்தவன் நான். டிரைவருக்கு யாராவது ரகசியமாக ஒன்றைச் சப்ளை செய்கிறார்கள் என்றால் அது துளசித் தீர்த்தமா? இங்கிருந்து கர்நாடக எல்லை எவ்வளவு தூரம் என்று உங்களுக்கே தெரியும். அங்கிருந்து பாக்கெட் பாக்கெட்டாக என்ன வருகிறது என்றும் தெரியும். அதற்குப் 'பவர்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அன்றிலிருந்து கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கவனிக்க ஆரம்பித்தேன். ஜன்னலுக்கு வெளியே முருங்கைக்கீரை பறிக்கிற மாதிரி நின்று பார்த்தால், நம் ஆக்சிலியா, என் ஒரே மகள், சப்பணம் போட்டு உட்கார்ந்து ஒரு வளையத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். சின்னப் பிள்ளை சைக்கிள் டயர் அளவு. மாப்பிள்ளை அதற்குள் செம்புக் கம்பியை விட்டு விட்டு எடுத்துச் சுற்றுகிறார். அவள் எண்ணுகிறாள். அவர் சொல்கிறார்: "இன்னும் பத்து ரவுண்டு போடணும் ஆக்சி. அப்பத்தான் டிரைவருக்குப் பத்தும்." பத்து ரவுண்டு! இரண்டு ரவுண்டு போட்ட டிரைவரையே நான் பாதி வழியில் இறக்கிவிட்டு ரிப்போர்ட் எழுதியிருக்கிறேன். இங்கே என் மகள் உட்கார்ந்து ரவுண்டு எண்ணுகிறாள் மச்சான். ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வி வகுப்பு எடுக்கிறவள்.

அதோடு நின்றிருந்தால் வெறும் குடி சமாச்சாரம் என்று விட்டிருப்பேன். விஷயம் பெரியது என்பது போன் பேச்சில்தான் தெரிந்தது. ஓசூரில் அருண்குமார் என்று ஒரு கூட்டாளி இருக்கிறான். அவனோடு மாப்பிள்ளை தினமும் பின்வாசலில் நடந்துகொண்டே பேசுவார். நான் துணி காயப்போடுகிற சாக்கில் கொடிக்கு இந்தப் பக்கம் நிற்பேன். கேட்டதைக் கேட்டபடி எழுதுகிறேன், ஒரு சொல் கூட்டவில்லை. "டேய் அருணு, பஸ்ஸு ஒண்ணுதான்டா. டிரைவர் மூணு. மூணும் ஒரே பஸ்ஸுலதான் ஓடப்போவுது," என்றார். ஒரு பஸ், மூன்று டிரைவர். பகலும் இரவும் நிற்காமல் ஓட்டினால் ஒழிய எதற்கு மூன்று பேர்? அதிலும் டிரைவர்களை 'மூணும்' என்று ஆடு மாடு மாதிரி சொல்கிறார். எந்த யூனியன்காரனாவது கேட்டிருந்தால் அங்கேயே பஸ்ஸை நிறுத்தியிருப்பான். அடுத்து சொன்னதுதான் முக்கியமான தடயம். "ஏ.சி.ல அம்பதுதான் வுடறேன். ஆனா டி.சி.ல எழுபது வருதுடா. லோடு ஏறுச்சுன்னா கொஞ்சம் எறங்கும், அறுபத்தஞ்சுல நிக்கும்."

மச்சான், நீங்கள் அரிசி மண்டி வைத்திருப்பவர், உங்களுக்கு இது விளங்காது. நான் விளக்குகிறேன். ஏ.சி. என்றால் குளிரூட்டிய பேருந்து. டி.சி. என்றால் டீலக்ஸ் கோச்சாகத்தான் இருக்க வேண்டும். ஏறும்போது கணக்குப்படி ஐம்பது பேர். வந்து இறங்கும்போது எழுபது பேர். நடுவில் இருபது பேர் எங்கே முளைத்தார்கள்? டிக்கெட் இல்லாமல் ஏற்றியிருக்கிறார்கள்! சோதனை வருகிற இடத்துக்கு முன்னால் ஐந்து பேரை இறக்கி அறுபத்தைந்தாக்கிக் காட்டுகிறார்கள். இந்த வித்தையைப் பிடித்துப் பிடித்தே என் கண் பார்வை போனது. அது என் வீட்டுக் கொல்லையில், என் மாப்பிள்ளை வாயாலேயே வருகிறது. ஈரத் துண்டை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டேன்.

இன்னொரு நாள், "எண்பதத் தாண்டுச்சுன்னா டிரைவர் செத்துரும்டா, எழுபதுக்குள்ளயே வெச்சுக்கலாம்," என்றார். எண்பது கிலோமீட்டர் வேகத்தில் போனால் டிரைவர் செத்துவிடுவானாம்! அப்படியானால் பிரேக் எந்த லட்சணத்தில் இருக்கும் என்று நீங்களே யோசியுங்கள். அதற்கு அடுத்த நாள், "கண்டக்டர் மெல்லிசா இருக்குடா, சூடாவுது. தடியா ஒண்ணு மாத்தணும்," என்றார். கண்டக்டர் ஒல்லிப் பையன் போலிருக்கிறது. டிக்கெட் இல்லாத ஆளைப் பார்த்ததும் சூடாகிறான், நேர்மையானவன். அவனைத் தூக்கிவிட்டு ஒரு தடியனைப் போடப் பார்க்கிறார்கள். முகம் தெரியாத அந்தப் பையனுக்காக நான் அன்று ஒரு ஜெபமாலை சொன்னேன்.

உங்கள் அக்காளிடம் சொன்னேன். பூண்டு உரித்துக்கொண்டே கேட்டுவிட்டு, "பஸ்ஸு ஓட்டறவரு அத எங்கீங்க வெச்சிருக்காரு? வூட்டுக்குள்ள பஸ்ஸு எப்படி நிக்கும்?" என்றாள். பஸ் ஓசூரில் நிற்கிறது, இங்கே இருப்பது கண்ட்ரோல் ரூம் என்றேன். "உங்களுக்கு ரிட்டயர்மெண்டு குடுத்தவங்க அந்த விசிலயும் புடுங்கிட்டு வுட்டிருக்கணும்," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். தன் தம்பி பார்த்த மாப்பிள்ளை என்கிற கர்வம். மன்னிக்கவும், உங்களைத்தான் சொல்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் பூசைக்குக் கிளம்பினார்கள். எனக்கு முட்டி வலி என்று கட்டிலில் படுத்துக்கொண்டேன். வலியும் கொஞ்சம் உண்டு. அவர்கள் தெருமுனை திரும்பியதும், அந்தப் பூட்டுக்கு நான் முன்பே செய்து வைத்திருந்த கள்ளச்சாவியை, இல்லை, மாற்றுச்சாவியை எடுத்துக்கொண்டு சோதனைக்குப் போனேன். உள்ளே பெரிய மேசை. மேசை மேல் இரும்புச் சட்டமும் தண்டவாளமுமாக ஏதோ ஒன்று. அதன் காலடியில் ஒரு தகரப் பெட்டி, மூடி இல்லை. பெட்டிக்குள் அந்தச் செம்பு டயர், மஞ்சள் டேப் சுற்றிப் படுத்திருக்கிறது. பக்கத்தில் நீல நிறத்தில் நான்கு டின். அப்படியே பீர் டின் அளவு. மாட்டியது சரக்கு என்று நினைத்தேன். டின்னின் தலையில் இரண்டு இரண்டு திருகு வைத்து இறுக்கியிருந்தது. சுவிட்ச் எல்லாம் அணைத்துதான் இருந்தது, அதையும் சரிபார்த்தேன். நான் அஜாக்கிரதையான ஆள் இல்லை. டின் நிறைந்திருக்கிறதா, காலியா என்று பார்க்க, கையில் இருந்த சாவிக்கொத்தால் தலையில் லேசாக ஒரு தட்டுத் தட்டினேன்.

மச்சான், அதற்குப் பிறகு நடந்ததை ஒழுங்காகச் சொல்ல எனக்கு வரவில்லை. 'டமார்' என்று ஒரு சத்தம், நீலமாக ஒரு வெளிச்சம், நான் பின்னால் இருந்த மரத்தூள் மூட்டை மேல் உட்கார்ந்திருக்கிறேன், என் சாவி கறுத்துப் போய் நுனி உருகிக் கிடக்கிறது. அணைத்து வைத்த பெட்டி வெடிக்குமா? யாராவது வந்து தொடுவார்கள் என்று எதிர்பார்த்து வைத்த கண்ணி அது! வீட்டுக்குப் பெரியவனுக்கு வைத்த கண்ணி! எழுந்து, மூட்டையில் பதிந்த என் அடையாளத்தைத் தட்டிச் சரிசெய்துவிட்டு, கட்டிலுக்கு வந்து முட்டி வலியைத் தொடர்ந்தேன்.

சாயங்காலம் மறுபடி கொடி, மறுபடி ஈரத் துண்டு. மாப்பிள்ளை குரலைத் தாழ்த்தி அருண்குமாரிடம் சொல்கிறார்: "டெர்மினல்ல யாரோ கை வெச்சிருக்காங்கடா. நல்லவேள, ஆளுக்கு ஒண்ணும் ஆவல. இனிமே பிளீடர் இல்லாம வெக்கவே கூடாது. நாளைக்கே பாலக்கோடு போயி நல்ல பிளீடரா ஒண்ணு பாக்கறேன்." கேட்டீர்களா? பிளீடர்! வக்கீல் வைக்கப் போகிறார்! அத்துமீறி நுழைந்ததாக என் மேல் வழக்குப் போடத்தான் இருக்கும். மறுநாள் சொன்னபடியே பாலக்கோடு போனார். திரும்பி வந்து, "பிளீடர் கெடச்சுதுங்க அத்தை," என்று உங்கள் அக்காளிடமே சொல்கிறார். அவள், "நல்லதாப் போச்சு, சாப்பிட வாங்க," என்கிறாள். வீடே ஒன்றாகிவிட்டது மச்சான். நான் மட்டும் வெளியே நிற்கிறேன்.

எனக்கு ஜெயிலைப் பற்றிப் பயமில்லை. இந்த அனுமதி இல்லாத பஸ் என்றைக்காவது மாட்டும். மாட்டினால் மாப்பிள்ளை உள்ளே போவார், என் பெண் நடுத்தெருவில் நிற்பாள். அவளுக்கு எங்களை விட்டால் யார் இருக்கிறார்கள்? அவள் சிரித்த முகமாக அந்த அறைக்குக் காபி எடுத்துக்கொண்டு போகும்போதெல்லாம் நான் ஒரு அருள்நிறை மரியே சொல்கிறேன். அவர்கள் பிளீடரைப் பார்க்கும் முன் நான் அரசாங்கத்தைப் பார்த்துவிட வேண்டும் என்று முடிவு செய்து, நேற்று மோட்டார் வாகன ஆய்வாளர் அலுவலகத்தில் மனு கொடுத்துவிட்டேன். இப்போது நீங்கள் செய்ய வேண்டியது: வருகிற ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் புறப்பட்டு வரவும். மாப்பிள்ளையை நேரில் வைத்து நாலு கேள்வி கேட்கவும். சரியான பதில் இல்லை என்றால் ஆக்சிலியாவை உங்களோடு ஈரோட்டுக்கு அழைத்துப் போய், இங்கே புயல் அடங்கும்வரை வைத்துக்கொள்ளவும். வரும்போது வடக்கு வாசல் வழியாக வராமல் சுற்றி வரவும். வடக்கில் அவர் ஒரு கேமரா மாட்டியிருக்கிறார். கோழி திருட்டுக்காக என்று சொல்கிறார். நம்மிடம் கோழியே கிடையாது, பக்கத்து வீட்டில்தான் இருக்கிறது.

உங்கள் வியாபாரம் பெருகவும், தங்கச்சியின் சர்க்கரை குறையவும், பிள்ளைகள் போனைக் கீழே வைத்துவிட்டுப் படிக்கவும் மாதாவை வேண்டிக்கொள்கிறேன். குடும்பத்தார் அனைவருக்கும் என் ஆசீர். மாப்பிள்ளைக்கு உரிய ஆசீர் மட்டும் விசாரணை முடியும்வரை நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது.

இப்படிக்கு,
என்றும் விழிப்புடன்,
அ. கஸ்பார்

பின்குறிப்பு: மச்சான், மேலே உள்ளதைப் படித்தீர்கள் என்றால் அதை மறந்துவிடவும். கிழித்துப் போட மனம் வரவில்லை, கவருக்கு டேப் வேறு ஒட்டியாயிற்று. அதைப் பிரித்துத்தான் இதை எழுதுகிறேன். ஆகவே கையெழுத்து கோணியிருந்தால் பிரித்தது நான்தான்.

இன்று வியாழக்கிழமை. சற்று முன்பு ஜீப் வந்தது. பானுமதி என்று ஒரு ஆய்வாளர் அம்மா, கையில் என் மனு. "பஸ்ஸு எங்கங்க?" என்றார். நானே முன்னால் நடந்து பின்னறைக்குக் கூட்டிப்போனேன். மாப்பிள்ளை கதவைத் திறந்தார். ஒளிக்கவில்லை, ஓடவில்லை. "பஸ்ஸுங்களா? இதாங்க," என்று பெட்டிக்குள் கையைக் காட்டினார். என் கை நீளத்துக்கு இரண்டு செம்புப் பட்டை. நாலு டின்னிலிருந்தும் மின்சாரம் அதில் வந்துதான் பிரிகிறதாம், அதற்குப் பெயர் பஸ்ஸாம். டிரைவர் என்பது கறுப்பாக மூன்று டப்பா. ஒவ்வொன்றும் ஒரு மோட்டாரைச் சுற்றவைக்கிறதாம். கண்டக்டர் ஒயருக்குள் இருக்கிற கம்பி. அந்தச் செம்பு டயர் டிரான்ஸ்பார்மர். நம் வீட்டுக் கரண்டை ஐம்பது வோல்ட்டாகக் குறைத்து விடுகிறது, அது ஏ.சி. கரண்ட். அதை டி.சி. கரண்டாக மாற்றி டின்னில் பிடித்து வைத்தால் எழுபது வருமாம். இருபது எங்கிருந்து கூடியது என்று அங்கேயும் கேட்டேன். அது கணக்குங்க மாமா என்றார். கணக்கு எனக்கு இன்னும் திருப்தி இல்லை, பிறகு பார்த்துக்கொள்கிறேன். மேசை மேல் இருப்பது மரத்தில் எழுத்தும் பூவும் செதுக்குகிற மெஷின். கம்பெனி வேலையை விட்டு, கதவுக்கும் பெயர்ப் பலகைக்கும் கடை போடத்தான் இத்தனை பாடு. மெஷின் ஓடிக் காட்டிய பிறகு அப்பாவிடம் முழுசாகச் சொல்லலாம், முன்னாலேயே சொன்னால் வேலையை ஏன் விட்டாய் என்று வருத்தப்படுவார் என்று ஆக்சிலியாதான் தடுத்தாளாம். சுவிட்சைப் போட்டார். உர்ரென்று ஒரு சத்தம், ஒரு வேப்பம் பலகையில் 'பானுமதி' என்று அச்சு மாதிரி விழுந்தது. அந்த அம்மாள் பலகையை ஒரு கையிலும் என் மனுவை ஒரு கையிலும் வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பி, "பெரியவரே, நீங்கதான இந்த..." என்று ஆரம்பித்தார். உங்கள் அக்காளும் ஆக்சிலியாவும் வாசலிலேயே நிற்கிறார்கள்.

அப்போது மாப்பிள்ளை குறுக்கே வந்தார். "என் தப்புதாங்க மேடம். 'பஸ்ஸு ஓட்டறேன், மூணு டிரைவர் வெச்சிருக்கேன்'ன்னு மாமாகிட்ட நாந்தான் வெளயாட்டாச் சொன்னேன். அவரு நேர்மையான ஆளுங்க. சொந்த மாப்பிள்ளன்னும் பாக்காம கவர்மெண்டுக்குச் சொல்லிட்டாரு." அந்த அம்மாள் என்னைப் பார்த்த பார்வையே மாறிவிட்டது. எனக்குக் கைகூப்பிவிட்டு ஜீப் ஏறினார். மச்சான், மாப்பிள்ளை என்னிடம் ஒரு நாளும் விளையாட்டாகப் பேசியதில்லை. என் சர்வீஸில் எத்தனையோ பொய்யைக் கேட்டிருக்கிறேன், கண் இமைக்காமல் சொன்ன பொய் இது ஒன்றுதான். எனக்காகச் சொன்னது. நான் கொல்லைப் பக்கம் போய் முகத்தைக் கழுவிக்கொண்டேன். அழுதேன், உங்களிடம் மறைப்பானேன்.

பின்னாலேயே துண்டோடு வந்தார். சாக்பீஸ் துண்டு மாதிரி வெள்ளையாக ஒன்றை உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். "இதாங்க மாமா பிளீடர். சுவிட்ச அணைச்சாலும் அந்த டின்னுல கரண்டு நிக்கும். அத இது கொஞ்சங்கொஞ்சமா வடிச்சுரும். டின்னுங்களுக்கு மாட்டியாச்சு, இது மிச்சம். இனிமே தொட்டாலும் உசுருக்கு ஒண்ணும் ஆவாது. இருந்தாலும் சாவியால மட்டும் தட்டாதீங்க."

ஆக, கை வைத்தது நான்தான் என்று அவருக்கு ஞாயிற்றுக்கிழமையே தெரிந்திருக்கிறது. ஆக்சிலியாவிடம் சொல்லவில்லை, உங்கள் அக்காளிடம் சொல்லவில்லை. பாலக்கோடு போய் எனக்காக ஒரு பிளீடரை வாங்கி வந்து மாட்டியிருக்கிறார். நிறுத்தி வைத்த ஆசீரை வட்டியும் முதலுமாகக் கொடுத்துவிட்டேன்.

ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை நீங்கள் கட்டாயம் வரவும். ஒரு விஷயத்தை விசாரித்தாக வேண்டும். ஒரு தரம் அடிபட்டவன் மறுபடியும் அந்த அறைக்குள் போவானா? போவேன் என்றுதானே பிளீடர் மாட்டியிருக்கிறார்? வீட்டுக்குப் பெரியவனைப் போய் இப்படிச் சந்தேகப்படலாமா? எனக்கு ரொம்ப வருத்தம். அவர் அதைச் சொன்னபோது புதுச்சாவி என் மடியில்தான் இருந்தது என்பது வேறு விஷயம்.